பேய்வீட்டுப் பின்கதவு

பின்னேரம் வெயில் சாயத் தொடங்கினால் சீவரத்தினம் வேலைக்கு வெளிக்கிடுவார். அந்த வேலை இல்லாமல் போய் எத்தனையோ வருடம். அவருக்கு அது தெரியாது.

அன்று வீட்டில் பலகாரச் சூடு. மகள் நிரோஜாவின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருந்தது. குசினிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பத்தியில் அடுப்புகளை மூட்டி, அயல் பெண்கள் சுற்றியிருந்து அரியதரமும் பயத்தம் பணியாரமும் சுட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி முடிந்திருந்தது. சோளகக் காற்று செம்மண்ணையும் வெங்காயச் சருகையும் வாரிக்கொண்டு வந்தது. எண்ணெய்ச் சட்டிக்குள் மண் விழாமல் இருக்க வேலிப் பக்கம் படங்குச் சாக்கு கட்டியிருந்தார்கள்.

சீவரத்தினம் கறுப்புச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சுளகில் அரித்து வைத்திருந்த அரிசிமாவில் இரண்டு கை அள்ளினார். முகத்தில் பூசினார். நெற்றி, கன்னம், கண்மடல், கழுத்து. ஒரு இடமும் விடாமல், கண்ணாடி இல்லாமல், பழகிய கையால்.

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, மாப்பிள்ளையை விட அண்ணைதான் வடிவு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சீவரத்தினம் சிரிக்கவில்லை. நேரம் போய்விட்டது, ஆக்கள் வந்து நிற்பினம் என்று சொல்லிச் செருப்பைத் தேடினார்.

அவர் மனைவி கமலாவதி எழுந்து வந்தாள். அவள் கை முழுக்க எண்ணெய். முன்கையால் அவரை மறித்தாள்.

"இண்டைக்கு லீவெல்லே அப்பா. லெனாட் சொல்லி விட்டவன்."

"லீவெண்டால் உள்ளை நிக்கிற ஆளை ஆர் வெளியாலை எடுக்கிறது?"

"ஒருத்தரும் நிக்கேல்லை."

"ஒரு ஆள் நிக்கிறார் கமலா. அவர் வரேல்லை."

"அவர் போயிட்டார். எப்பவோ போயிட்டார்."

இதையும் அவள் பல தடவை சொல்லிவிட்டாள். நிரோஜா வந்து தகப்பனின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். வாளியில் அள்ளி முகம் கழுவிவிட்டாள். மாக்கரைசல் வாழையடிக்கு ஓடியது. அவர் குனிந்து நின்றார்.

*

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் சுன்னாகத்துக்கும் பண்டத்தரிப்புக்கும் நடுவில் ஒரு பார்க் இருந்தது. சுவிசிலிருந்து திரும்பிய ஒருவர் தோட்டக்காணி வாங்கி அதைக் கட்டினார். படகு ஊஞ்சல், நீர்ச்சறுக்கு, சின்ன ரயில், ராட்டினம், பேய்வீடு. கொழும்புக்குப் போகும் பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வந்தது. நல்லூர்த் திருவிழா நாட்களில் சைக்கிள் விட இடம் கிடைக்காது.

ராட்டினத்தை ஓட்டியவன் லெனாட். குருநகர்க்காரன். தகப்பன், தமையன் எல்லோரும் கடலுக்குப் போக, இவன் எஞ்சினுக்கு வந்தான். ராட்டினத்தின் உச்சியில் நின்றால் வடக்கே ஆமிக்காரர் மறித்து வைத்திருந்த ஊர்கள் தெரியும். வசாவிளான், கட்டுவன், அதற்கு அப்பால் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி. இடம்பெயர்ந்த சனம் அதற்காகவே ஏறும். வயது போனவர்களும் பிள்ளைகளைச் சாட்டி ஏறுவார்கள். லெனாட்டிடம் முதலே சொல்லி வைப்பார்கள். தம்பி, மேலே கொஞ்சம் நிப்பாட்டிவிடு. அவன் நிப்பாட்டுவான். ஒருவர் தங்கள் பனங்காணியைக் காட்டுவார். இன்னொருவர் கோயில் மடத்தைக் காட்டுவார். மற்றவர்களுக்கு அது வெறும் பச்சை.

பேய்வீடு அதற்குக் கீழே. கறுப்படித்த சுவர், தகரக் கூரை, வளைந்து வளைந்து போகும் ஒழுங்கை. முகத்தில் படுகிற மாதிரி நனைந்த தும்புக்கயிறு தொங்கும். பொச்சுமட்டையும் சாம்பிராணியும் போட்டுப் புகை எழுப்புவார்கள். ஒரு பிரேதப் பெட்டி இருந்தது. அதற்குள் வைக்கோல் பொம்மை. உயிருள்ள பேய் சீவரத்தினம் ஒருவர்தான். முகப்பவுடர் வேர்வையில் வழியும் என்று அரிசிமா பூசுவார். அவர் கத்துவதில்லை. மூலையில் நிற்பார். ஆக்கள் தாண்டிப் போகும்வரை மூச்சுக் காட்டாமல் நின்று, பிறகு அவர்களோடு சேர்ந்து நடப்பார். தங்களோடு ஒரு ஆள் கூட வருகிறது என்று அவர்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அவருடைய வித்தை. பின்கதவால் சனம் அலறிக்கொண்டு ஓடி வரும். வெயிலைக் கண்டதும் சிரிக்கும்.

ஒரு கூட்டம் போனதும் அவர் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை சுவரைத் தடவிக்கொண்டு வருவார். "ஆராவது நிக்கிறியளோ?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால்தான் அடுத்த கூட்டம்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஆள் தனியே வருவார். நாற்பது வயது மதிக்கலாம். வெள்ளைச் சேட்டு, மெலிந்த உடம்பு. வேம்பின் கீழ் சைக்கிளை விட்டு, பேய்வீட்டுக்கு மட்டும் ரிக்கற் எடுப்பார். எத்தனை தடவை வந்தாலும் அதே மூலையில் திடுக்கிடுவார். ஒருநாள் சீவரத்தினம், அண்ணை, உங்களுக்கு நான் எங்கே நிற்கிறன் என்று தெரியும்தானே, பிறகேன் பயப்பிடுறியள் என்று கேட்டார். இஞ்சை பயந்தால் வெளியாலை வந்து சிரிக்கலாம் தம்பி என்று அவர் சொன்னார். வேறு கதை இருக்கவில்லை. பேரைக் கேட்கவும் இல்லை.

இரண்டாயிரத்தி ஆறாம் ஆண்டு ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முகமாலைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. சத்தம் குடாநாடு முழுக்கக் கேட்டது. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. லெனாட் ராட்டினத்தை ஒவ்வொரு பெட்டியாக இறக்கினான். சீவரத்தினம் பின்கதவைத் திறந்துவிட்டு உள்ளே நின்றவர்களைக் கலைத்தார். திரும்பிப் போய்ச் சுவரைத் தடவினார். கூப்பிட்டார். வெளியே சத்தம் பலமாக இருந்தது. பதில் வந்ததா வரவில்லையா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றிரவே ஊரடங்கு. நாட்கணக்காக எடுக்கவில்லை. தளர்த்திய அன்று அவர் முதல் ஆளாய்ப் போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால் வேம்பின் கீழ் அந்தச் சைக்கிள் நின்றது.

அது மாரி முழுக்க அங்கேயே நின்றது. ஒருவரும் எடுக்க வரவில்லை. சீவரத்தினம் சுன்னாகம் சந்தையில் விசாரித்தார். கோயில் வாசல்களில் விசாரித்தார். பேர் தெரியாத ஆளை எப்படி விசாரிப்பது? வெள்ளைச் சேட்டுப் போட்ட மெலிந்த மனிதன் என்றால், அந்த நாட்களில் காணாமல் போனவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

புத்தி தெளிவாக இருந்த காலத்தில் அவர் இதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. தோட்டம் செய்தார். வெங்காயம், புகையிலை, கத்தரி. மகளைப் படிப்பித்தார். மறதி வந்த பிறகு எல்லாம் கழன்று போய் இது மட்டும் மிஞ்சியது.

*

பார்க் பல வருடம் பூட்டிக் கிடந்தது. ராட்டினத்தை வெட்டிப் பழைய இரும்புக்கு ஏற்றினார்கள். வேறு ஒருவர் வாங்கிப் பிளாஸ்ரிக் சறுக்குகள் வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் வந்தார்கள், பெரியவர்கள் வரவில்லை. பிறகு பேய்வீடு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பியது. குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, கார் விட இடம். லெனாட் அங்கே லைற்றும் ஜெனரேட்டரும் பார்க்கிறான்.

அந்த மண்டபத்தைத் தெரிந்தெடுத்தது நிரோஜாதான். கமலாவதிக்கு விருப்பமில்லை. வேறே எங்கே கூட்டிப்போனாலும் அப்பா வாசலில் நின்றுகொண்டு வீட்டை போவம் என்பார், அது அவருக்குத் தெரிந்த இடம், அங்கே என்றால் இருப்பார் என்று நிரோஜா சொன்னாள். அவள் ரியூசன் சென்ரரில் கணக்குப் படிப்பிக்கிறவள். எதையும் ஒருதரம் செய்து பார்த்தே முடிவெடுப்பாள். ஒரு நாள் காலமை தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனாள். யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. சீவரத்தினம் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் கை வைத்தார். ஒரு கதிரையில் இருந்து லெனாட்டோடு தேத்தண்ணி குடித்தார். நல்ல வெளிச்சமாய் இருக்கு என்றார். நிரோஜாவுக்கு அது போதும்.

கமலாவதிக்குப் பயம் வேறு. கன்னிகாதானத்தில் தகப்பன் இருந்து மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் நடுவில் எழும்பினால்? இவள் ஆர் என்று கேட்டால்? மாப்பிள்ளை வீட்டுக்குக் கொஞ்சம் மறதி என்றுதான் சொல்லியிருந்தது. கமலாவதியின் தமையன் நடராசாவும் மனைவியும் நல்லூரில் இருந்தார்கள். அவர்கள் மணவறையில் இருந்து தாரை வார்த்துக் கொடுக்கட்டும், இவர் முன்வரிசையில் சும்மா இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். நடராசாவும் அதற்கு ஆயத்தமாய்த்தான் இருந்தார்.

பலகாரச் சூடு முடிந்து பெண்கள் போன பிறகு தாயும் மகளும் அரியதரத்தை ஓலைப்பெட்டியில் அடுக்கினார்கள்.

"மாமாவும் தகப்பன் மாதிரித்தானே" என்றாள் கமலாவதி.

"மாதிரித்தான்."

"சபையிலை ஒண்டு நடந்தால் உன்ரை மாமியார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவா."

"சொல்லட்டும்."

"அவருக்கு உன்னைத் தெரியாது பிள்ளை. நேற்றும் என்னட்டைக் கேட்டவர், அந்தப் பிள்ளை ஆர், நல்ல பிள்ளை எண்டு."

நிரோஜா உடைந்த அரியதரங்களை வேறாக எடுத்து வைத்தாள்.

"எனக்கு அவரைத் தெரியும்தானே அம்மா. அப்பா உயிரோடை இருக்கேக்கை இன்னொரு ஆள் என்ரை கையைக் குடுத்தால், அவர் இல்லை எண்டு நானே சபையிலை சொன்ன மாதிரி. நான் அதைச் செய்யமாட்டன். அவர் இருந்தால் கல்யாணம். இல்லாட்டி எழும்பி வாறன்."

கமலாவதி ஓலைப்பெட்டியை மூடினாள். நிரோஜா சொன்னால் செய்வாள். தகப்பனின் குணம்.

*

கல்யாணத்தன்று சீவரத்தினம் நன்றாக இருந்தார். நிரோஜாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சவரம் எடுத்தார். பட்டு வேட்டியும் சால்வையும் கட்டினார். காரில் போகும்போது கண்ணாடியால் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு போனார். புகையிலைக் கொட்டில் ஒன்றைக் கண்டு, உவன் கூரை வேயாமல் விட்டிட்டான் என்றார். கமலாவதிக்கு அது பெரிய ஆறுதலாய் இருந்தது.

மண்டபத்தில் சனம் நிறைந்தது. மாப்பிள்ளை கோபிசங்கர் பண்டத்தரிப்பில் பள்ளிக்கூட வாத்தியார். அவன் தாய் செல்வநாயகி வசாவிளானிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். நல்ல வாய். முன்வரிசையில் இருந்து அக்கம்பக்கத்தாரோடு பழைய பார்க்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஐஸ்கிறீம் இப்போது இல்லை என்று ஒருத்தி சொன்னாள். இப்போது இருக்கிறதெல்லாம் ஐஸ்கிறீமே இல்லை என்றாள் இன்னொருத்தி. செல்வநாயகி பேய்வீட்டில் தன் புருசன் தன்னை விட்டுவிட்டுத் தனியே ஓடிய கதையைச் சொன்னாள். அந்த மனிசன் அதற்குப் பிறகு வீட்டில் ஒருநாளும் குரல் உயர்த்திக் கதைத்ததில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள்.

"ராட்டினத்திலை ஏறினால் எங்கடை வீட்டு மாமரம் தெரியும்" என்றாள் செல்வநாயகி. "உந்த மனிசன் அது எங்கடை மரம் இல்லை எண்டு சண்டை பிடிக்கும். இப்ப ஆமிக்காரர் காணியை விட்டிட்டாங்கள். போய்ப் பாத்தம். வீடும் இல்லை, மரமும் இல்லை, ஒரே பத்தை. மேலையிருந்து பாக்கேக்கை எவ்வளவு வடிவா இருந்தது."

பிறகு யாரோ மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பற்றிக் கதைத்தார்கள்.

ஐயர் சீவரத்தினத்தையும் கமலாவதியையும் மணவறைக்குக் கூப்பிட்டார். சீவரத்தினம் சப்பாணி கட்டி இருந்தார். விரலில் தர்ப்பை போட்டார்கள். ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். ஒன்றிரண்டு சொல் தவறியது. யாருக்கும்தான் தவறும். கமலாவதி மூச்சு விட்டாள். கீழே இருந்த நடராசாவைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினாள்.

பெண்ணைக் கூப்பிடுங்கோ என்றார் ஐயர்.

அப்போது மண்டபத்து லைற் எல்லாம் அணைந்தது. வாசலில் மட்டும் ஒரு நீல வெளிச்சம் விழுந்தது. வாசல் இரண்டு பக்கமும் புகை கிளம்பியது. இப்போதெல்லாம் பெண் வரும்போது இப்படிச் செய்கிறார்கள். வீடியோவில் முகில் மேல் நடந்து வருவதுபோல் இருக்கும். நடராசா மருமகளுக்குத் தெரியாமல், அவளுக்கு ஒரு சந்தோசமாய் இருக்கட்டும் என்று வீடியோக்காரரோடு கதைத்து ஒழுங்கு செய்திருந்தார். லெனாட்டுக்கும் கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். அவன் சுவிச்சில் கை வைத்தபடி ஒருதரம் மணவறைப் பக்கம் பார்த்தான். வீடியோக்காரர் கத்தினார். அவன் அணைத்தான்.

புகை தரையோடு ஊர்ந்து வந்தது. நாலைந்து பிள்ளைகள் இருட்டைக் கண்டு அலறிச் சிரித்தார்கள்.

"கமலா, ஆக்கள் வந்திட்டினம்" என்றார் சீவரத்தினம்.

கமலாவதி கையை நீட்டினாள். சால்வையின் நுனிதான் அகப்பட்டது.

லைற் வந்தபோது நிரோஜா மாலையோடு மணவறைக்குக் கீழே நின்றாள். தகப்பன் இருந்த இடத்தில் சால்வை கிடந்தது.

ஐயர் கையிலிருந்த செம்பை வைத்தார். தகப்பனார் எங்கே என்று மெல்லக் கேட்டார். கமலாவதி சால்வையை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். முன்வரிசையில் செல்வநாயகி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நடராசா எழும்பி வந்தார். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. நேரம் போகுது, நான் இருக்கிறன், பிறகு ஆறுதலாய் எல்லாம் கதைக்கலாம் என்று தங்கைச்சியின் காதோடு சொன்னார். கமலாவதி மகளைப் பார்க்காமல் ஓம் என்றாள்.

நிரோஜா அசையவில்லை. லைற் பெட்டியடியில் நின்ற லெனாட்டைப் பார்த்தாள். அவன் கிட்ட வந்தான்.

"பின்னாலை நிக்கிறார் பிள்ளை. கதிரை அடுக்கிற இடத்திலை. அது பழைய பேய்வீட்டின்ரை கடைசித் துண்டு. இடிக்காமல் விட்டவை."

"கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை."

"நான் கூப்பிட்டால் வரமாட்டார். உள்ளை ஆக்கள் நிக்கேக்கை ரத்தினம் அண்ணை ஒருநாளும் வெளியாலை வந்ததில்லை." லெனாட் கொஞ்சம் யோசித்தான். "சிலபேர் பயந்துபோய் நடக்க ஏலாமல் நிண்டிடுவினம். அப்பிடியான ஆக்களை மட்டும் கையிலை பிடிச்சுக் கொண்டருவார். வெளியாலை அவையின்ரை ஆக்கள் நிப்பினம். அவையின்ரை கையிலை குடுத்திட்டுத் திரும்பிப் போவார்."

நிரோஜா மாலையைக் கழற்றவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மணவறையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பெண் அப்படிப் போகக்கூடாது என்று யாரோ சொன்னது கேட்டது. கோபிசங்கர் பாதி எழும்பினான். ஐயர், இரும் தம்பி என்றார்.

*

ஒரு மரக்கதவு. உள்ளே ஒடுங்கிய இடம். ஒரு பக்கம் கூரை மட்டத்துக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கியிருந்தது. மற்றப் பக்கம் பழைய சுவர். கறுப்புப் பூச்சு உரிந்து சுண்ணாம்பு தெரிந்தது. புகை இங்கேயும் வந்திருந்தது. அவள் கதவைச் சாத்தியதும் கண் தெரியவில்லை.

நிரோஜா சிறுபிள்ளையாய் இருந்தபோது ரிக்கற் கூட்டுக்குள் இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறாள். பேய்வீட்டுக்குள் போகத் தகப்பன் விட்டதில்லை. பிறகு நீ என்னைப் பார்த்துச் சோறு கேட்கமாட்டாய் என்பார்.

அவள் நாலைந்து அடி நடந்தாள். தன்னோடு ஒரு ஆள் கூட வருவது தெரிந்தது. காலடி கேட்கவில்லை. மூச்சும் கேட்கவில்லை. ஆனால் ஆள் இருந்தது. அவள் நின்றாள். அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"சத்தம் போடாதேங்கோ தங்கச்சி" என்றார் சீவரத்தினம். அவளோடு ஒருநாளும் கதைக்காத மரியாதையான குரல். "வெளியாலை சரியில்லை. எல்லாரும் போயிட்டினம். நீங்கள் ஏன் நிக்கிறியள்?"

அப்பா என்று கூப்பிட வாய் வந்தது. அவள் கூப்பிடவில்லை.

"எனக்கு வழி தெரியேல்லை."

"தனியவோ வந்தனீங்கள்?"

"இல்லை. வெளியாலை நிக்கினம்."

"அப்ப ஏன் பயம்? உது எல்லாம் வைக்கோலும் சாக்கும். நான் ஒரு ஆள்தான் மனிசன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்குப் பின்னாலை ஒருத்தரைக் கண்டனீங்களோ? வெள்ளைச் சேட்டு. மெல்லிய ஆள்."

போய்விட்டார் என்று சொல்லிப் பயனில்லை என்பது நிரோஜாவுக்குத் தெரியும். தாய் அதைத்தான் இத்தனை காலமும் சொன்னாள்.

"காணேல்லை" என்றாள். "என்னைக் கொண்டுபோய் விட்டிட்டு வந்து பாருங்கோ. எனக்குக் கால் நடுங்குது."

இருட்டில் அவர் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தோட்டக்காரக் கை. காய்த்துப்போன உள்ளங்கை.

"என்ரை முதுகைப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

*

கதவு திறந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சீவரத்தினம் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தபடி வந்தார். சால்வை இல்லாத வெறும் மேலுடம்பு. நெஞ்சில் சுவர்ச் சுண்ணாம்பு.

மணவறைக்கு முன்னால் நின்று ஆக்களைப் பார்த்தார். யாரிடம் கொடுப்பது என்று தேடுவதுபோல் இருந்தது. நிரோஜா கோபிசங்கர் பக்கம் கண்ணைக் காட்டினாள். கோபிசங்கர் எழும்பி இரண்டு கையையும் நீட்டினான்.

கமலாவதி செம்பைத் தூக்கினாள். ஐயர் சொல்லுமுன்பே தண்ணீர் விழுந்தது. ஐயர் அதைத் தடுக்கவில்லை. அவர் மூன்று தலைமுறையின் பேரையும் சீவரத்தினத்துக்காகத் தானே சொன்னார். மேளகாரர் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீவரத்தினம் நிரோஜாவின் கையைக் கோபிசங்கரின் கையில் வைத்தார்.

"உங்கடை ஆளைப் பிடியுங்கோ தம்பி. கொஞ்சம் பயந்திட்டா. தண்ணி குடுங்கோ."

"ஓம்" என்றான் கோபிசங்கர். "நான் பாத்துக்கொள்ளுறன்."

நிரோஜா குனிந்து அவர் காலைத் தொட்டாள். சீவரத்தினம் காலைப் பின்னுக்கு இழுத்தார். முன்பின் தெரியாத பெண் காலில் விழுந்தால் யாருக்கும் கூச்சம்தான்.

"சீச்சீ, உதென்ன தங்கச்சி. இது என்ரை வேலை" என்றார்.

அவள் நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கூறைச்சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தோழிப்பெண் அவளை உடுப்பு மாற்றக் கூட்டிப்போனாள். போகிற வழியில் செல்வநாயகி எழும்பி மருமகளின் நெற்றியில் கலைந்திருந்த பொட்டைச் சரிசெய்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் பிறகு இதை ஒரு நல்ல கதையாய்ச் சொல்லக்கூடும். அப்போதைக்குச் சொல்லவில்லை.

சீவரத்தினம் திரும்பி மணவறைக்குப் பின்னால் போனார். லெனாட் மறிக்கப் போனான். கமலாவதி, விடு தம்பி என்றாள்.

நடராசாவின் மனைவி வந்து, தாலி கட்டுற நேரம் வரப்போகுது, தாய் இங்கே நிற்க வேண்டும் என்றாள்.

"நீங்கள் நில்லுங்கோ மச்சாள்" என்றாள் கமலாவதி. சால்வையை எடுத்துக்கொண்டு மரக்கதவைத் திறந்து உள்ளே போனாள். பேய்வீட்டுக்குள் அவள் போனது இத்தனை வருடத்தில் இதுதான் முதல்தரம்.

அவர் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் கையைக் காட்டி மறித்தார்.

"எங்கை போறியள்? உள்ளை ஒருத்தரையும் விடுறேல்லை. பூட்டப்போறம்."

கமலாவதி நின்றாள். வெளியே ஐயர் உரத்து ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. பிள்ளை கூறையோடு வந்துவிட்டாள் போல.

"நீங்கள் ஆரோடை வந்தனீங்கள்?" என்று சீவரத்தினம் கேட்டார்.

"என்ரை மனிசனோடை."

"அவர் எங்கை?"

கெட்டிமேளம் முழங்கியது. கதிரை அடுக்குகள் அதிர்ந்தன. அது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"அவர் இன்னும் வெளியாலை வரேல்லை" என்றாள்.

சீவரத்தினம் தலையாட்டினார். அவர் அதை நம்பினார். நம்பியதில் அவர் முகம் இளகியது.

"பயப்பிடாதேங்கோ. கதவடியிலை நில்லுங்கோ. நான் பாத்துக்கொண்டு வாறன்."

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டு நடந்தார். அந்த இடம் நீளமில்லை. கொஞ்சத் தூரத்தில் புதுச் சுவர் வந்து மறித்தது. அவர் அதற்கு முகம் கொடுத்து நின்று, ஆராவது நிக்கிறியளோ என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

கமலாவதி சால்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றாள்.